சிடி25, சிடி127: உண்டு என்று சொல்லும் ஆன்டிபாடியும் இல்லை என்று சொல்லும் ஆன்டிபாடியும்

நம் ரத்தத்தில் ஓடும் சிடி4 டி செல்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை தனி இனம். கிருமியோடு சண்டை போடுவது அவற்றின் வேலை அல்ல. சண்டை போடும் மற்ற டி செல்கள் எல்லை மீறிச் சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் அடக்கி வைப்பதுதான் வேலை. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று நூல்கள் சொல்லும். ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக டி-ரெக். இவை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் டி-ரெக் செல்லுக்கும் அதன் பக்கத்தில் கிடக்கும் சாதாரண டி செல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. உருவமும் அளவும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டும் அடையாளம் செல்லின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் சைட்டோகைன் ஏற்பிகளில், அதாவது செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதங்களைப் பிடிக்கும் ஏற்பிகளில் இருக்கிறது. அந்த ஏற்பிகளைக் கண்டுகொள்ள, ஒளிரும் சாயம் பூட்டிய இரண்டு ஆன்டிபாடிகள் இன்று உலகமெங்கும் நோய் எதிர்ப்பியல் கூடங்களில் பயன்படுகின்றன. ஒன்று, இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலியான சிடி25இல் ஒட்டுவது. மற்றது, இன்டர்லூக்கின்-7 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலியான சிடி127இல் ஒட்டுவது. இரண்டும் ஒரே குளிர்பெட்டியில், ஒரே மாதிரிக் குப்பிகளில் இருக்கும். ஒரே குழாயில் ஒன்றாகத்தான் ஊற்றப்படும். ஆனால் செய்யும் வேலை நேர்மாறானது. சிடி25 ஆன்டிபாடி ஒட்டினால் அது டி-ரெக் ஆக இருக்கலாம். சிடி127 ஆன்டிபாடி ஒட்டாவிட்டால்தான் அது டி-ரெக் ஆக இருக்கலாம். முதலாவது சாட்சி சொல்வது இருப்பைக் கொண்டு, இரண்டாவது இல்லாமையைக் கொண்டு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் இவற்றின் பலமும் பலவீனமும், இவற்றைக் கையாள்பவர் எடுக்க வேண்டிய கவனமும் கிளைக்கின்றன.

முதலில் ஏற்பிகளையே பார்த்துவிடலாம். இரண்டும் ஒரே குடும்பம். இன்டர்லூக்கின்-2 ஏற்பி முழு வடிவில் மூன்று சங்கிலிகள் கொண்டது: சிடி25, சிடி122, சிடி132. இன்டர்லூக்கின்-7 ஏற்பிக்கு இரண்டே சங்கிலிகள்: சிடி127, சிடி132. அந்த சிடி132 இரண்டுக்கும் பொது. அதன் மரபணு பழுதானால் குழந்தைகளுக்குக் கடுமையான கூட்டு நோய் எதிர்ப்புக் குறைபாடு வருகிறது என்பது 1993இல் தெரியவந்தது.

குடும்பம் ஒன்றானாலும் குணம் வேறு. சிடி25க்குச் செல்லுக்குள் செய்தி அனுப்பத் தெரியாது. அதன் உள்வால் மிகக் குட்டை. இன்டர்லூக்கின்-2ஐப் பிடித்துத் தருவது மட்டுமே அதன் பங்கு. தனியாக நின்றால் பிடி தளர்வு. மற்ற இரு சங்கிலிகளோடு சேர்ந்தால் பிடி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இறுகுகிறது. சிடி127 அப்படியல்ல. பிடிக்கவும் செய்யும், உள்ளே செய்தி கடத்துவதிலும் நேரடிப் பங்கு உண்டு.

இதைவிடப் பெரிய வேறுபாடு, தன் சைட்டோகைனைச் சந்தித்தபின் ஒவ்வொன்றும் என்ன ஆகிறது என்பதில். இன்டர்லூக்கின்-2 வந்து சேர்ந்தால் செல் இன்னும் அதிகமாக சிடி25ஐ உற்பத்தி செய்கிறது. இன்டர்லூக்கின்-7 வந்து சேர்ந்தாலோ செல் தன் சிடி127ஐக் குறைத்துக்கொள்கிறது. 2004இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் சிங்கரின் குழு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. இன்டர்லூக்கின்-7 உடம்பில் அளவோடுதான் கிடைக்கிறது. தனக்கு வேண்டியது கிடைத்த செல் ஏற்பியைக் குறைத்துக்கொண்டால் மீதி அடுத்த செல்லுக்குப் போய்ச் சேரும். இதை அறிந்த ஒருவர், செல்மேல் ஒட்டிய சாயத்தின் ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரின் திரையில் சிடி127 குறைந்த செல்லைக் கண்டதும் டி-ரெக் என்று முடிவுகட்ட மாட்டார். அது இப்போதுதான் இன்டர்லூக்கின்-7ஐச் சந்தித்துவிட்டு வந்த சாதாரண செல்லாகவும் இருக்கலாம்.

சிடி25 ஆன்டிபாடியின் வரலாறு நீளமானது. கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் ஒற்றைக்கொடி ஆன்டிபாடி தயாரிக்கும் முறையை 1975இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே டி செல்களை வளர்க்கும் காரணி, அதாவது பின்னாளில் இன்டர்லூக்கின்-2 என்று பெயர் பெற்றது, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் தெரியவந்தது. 1981இல் அதே நிறுவனத்தில் உச்சியாமா, புரோடர், வால்ட்மன் மூவரும் ஒரு புதிய ஆன்டிபாடியை அறிவித்தார்கள். ஓய்வில் இருக்கும் டி செல்லில் ஒட்டாது, தூண்டப்பட்ட டி செல்லில் ஒட்டும். அதனால் ஆன்டி-டாக் என்று பெயர் வைத்தார்கள். அது எதில் ஒட்டுகிறது என்று அப்போது அவர்களுக்கே தெரியாது. மறு ஆண்டுதான் அது இன்டர்லூக்கின்-2இன் ஏற்பி என்று நிறுவப்பட்டது. ஆன்டிபாடி முன்னால் வந்தது, ஏற்பி அதன் பின்னால் வந்தது. ஒரு கருவி தன் இலக்கையே கண்டுபிடித்துக் கொடுத்த அருமையான நிகழ்வு இது என்பேன்.

சிடி127 வந்த வழி வேறு. 1988இல் சியாட்டிலில் இம்யூனெக்ஸ் நிறுவனத்தார் இன்டர்லூக்கின்-7ஐ இனங்கண்டார்கள். 1990இல் அதன் ஏற்பியின் மரபணு கிடைத்தது. ஏற்பி இன்னது என்று தெரிந்தபிறகே அதற்கென ஆன்டிபாடிகள் தயாராயின. எலியின் ஏற்பிக்கு எதிரான ஏ7ஆர்34 என்ற பிரபலமான ஆன்டிபாடியின் விவரம் 1993இல் வெளிவந்தது.

சிடி25 ஆன்டிபாடிக்கு உண்மையான புகழ் 1995இல்தான் வந்தது. சகாகுச்சி குழுவினர் எலியின் டி செல்களிலிருந்து சிடி25 கொண்டவற்றை அந்த ஆன்டிபாடியைக் கொண்டே நீக்கிவிட்டு, மீதியைத் தைமஸ் இல்லாத எலிகளுக்குள் செலுத்தினார்கள். அந்த எலிகளுக்குத் தைராய்டு, இரைப்பை என்று பல உறுப்புகளில் தன்னுடல் தாக்கு நோய் வந்தது. நீக்கிய செல்களைத் திரும்பக் கொடுத்தபோது நோய் வராமல் தடுக்க முடிந்தது. எலியில் சிடி4 டி செல்களில் சுமார் பத்தில் ஒன்றுதான் சிடி25 கொண்டது. எனவே பிரிப்பது எளிதாக இருந்தது.

மனித ரத்தத்துக்கு அதே ஆன்டிபாடி உத்தி வந்தபோது சிக்கல் தொடங்கியது. ஆய்வுக்கூட எலி சுத்தமான கூண்டில் வளர்கிறது. பெரிய நோய் எதையும் பார்த்ததில்லை. மனிதர் சளி, காய்ச்சல், தடுப்பூசி, குடற்புழு என்று எத்தனையோ கடந்து வந்தவர். அவர் ரத்தத்தில் முன்பு தூண்டப்பட்ட, தூண்டப்பட்டுக்கொண்டிருக்கும் சாதாரண டி செல்கள் ஏராளம். அவையும் ஓரளவு சிடி25ஐத் தாங்கி நிற்கின்றன. ஃப்ளோ சைட்டோமீட்டர் திரையில் எலியின் சிடி25 இரண்டு மேடுகளாகப் பிரிந்து தெரியும். மனிதரின் சிடி25 அப்படிப் பிரியாது. மங்கலிலிருந்து பிரகாசம் வரை ஒரே சரிவாக நீளும். எங்கே கோடு போடுவது? 2001இல் பேச்சர்-ஆலன் குழுவினர் மிகப் பிரகாசமானவற்றை மட்டும், அதாவது சிடி4 செல்களில் நூற்றுக்கு ஒன்று இரண்டை மட்டும் எடுத்தால் அடக்கும் சக்தி உண்டு என்று காட்டினார்கள். சரிதான். ஆனால் "மிகப் பிரகாசம்" என்பது யார் கண்ணுக்கு? ஒரே ரத்தத்தை மூன்று பேர் அலசினால் மூன்று எண் வந்தது. அந்த ஆண்டுகளில் வெளியான டி-ரெக் எண்ணிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் இன்றும் சிரமம் இருப்பதற்கு இந்தக் கோடுதான் காரணம்.

டி-ரெக் செல்லின் சொந்த முத்திரை என்று சொல்லத்தக்கது ஃபாக்ஸ்பி3 என்ற புரதம். 2001இலும் 2003இலும் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. ஆனால் அது உட்கருவுக்குள் இருக்கிறது. ஆன்டிபாடி அங்கே போக வேண்டுமானால் செல்லை வேதிப்பொருளால் நிலைநிறுத்தி, சவ்வில் துளையிட வேண்டும். செல் செத்துவிடும். செத்த செல்லை எண்ணலாம். நோயாளிக்குத் திருப்பிக் கொடுக்கவோ வளர்க்கவோ முடியாது.

இந்த இடத்தில்தான் சிடி127 ஆன்டிபாடி உள்ளே வருகிறது. 2006இல் ஒரே இதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகள். ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, ஜெஃப்ரி புளூஸ்டோனின் குழு. மற்றது சிட்னியிலிருந்து, ஃபசெகாஸ் டி செயின்ட் கிராத்தின் குழு. இரண்டும் சொன்னது ஒன்றே: ஃபாக்ஸ்பி3 கூடுதலாக இருக்கும் செல்லில் சிடி127 குறைவாக இருக்கிறது, தூண்டப்பட்ட சாதாரணச் செல்லிலும் நினைவுச் செல்லிலும் பெரும்பாலும் சிடி127 நிறைய இருக்கிறது. புளூஸ்டோன் குழு இன்னும் ஒரு படி போனது. சிடி25ஐப் பார்க்காமலே, சிடி4 உள்ள, சிடி127 குறைந்த செல்களை மட்டும் எடுத்தார்கள். முன்பு எடுத்ததைப்போல மூன்று மடங்குக்குக் குறையாத செல்கள் கிடைத்தன. அவற்றின் அடக்கும் சக்தியும் பழைய சிடி25 பிரகாசச் செல்களுக்கு இணையாக இருந்தது. ஃபாக்ஸ்பி3 நேரடியாக சிடி127 மரபணுவின் தொடக்கப் பகுதியில் போய் உட்காருகிறது என்றும் காட்டினார்கள். ஏன் குறைகிறது என்பதற்கு அதுவே காரணத்தைச் சுட்டியது.

இரண்டையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கும்போது மனிதக் கண்ணுக்கு முதல்முறையாக ஒரு வடிவம் கிடைக்கிறது. கிடை அச்சில் சிடி127, நேர் அச்சில் சிடி25. பெருங்கூட்டம் வலப்புறம் கீழே கிடக்கும். இடது மேல்மூலையை நோக்கிச் சாய்வாக, கொஞ்சம் தள்ளி, ஒரு சிறு கூட்டம் ஒதுங்கி நிற்கும். அதுதான் டி-ரெக். ஒரு திசையில் மட்டும் பார்த்தபோது சரிவாகத் தெரிந்தது, இரு திசையில் பார்க்கும்போது இடைவெளி விட்டுத் தெரிகிறது. அந்தக் கூட்டத்தைச் சுற்றி வேலி சாய்வாகப் போட வேண்டும். நேர்கோட்டுச் சதுரம் போட்டால் இருபுறமும் இழப்பு. இதைப் புதிதாக வந்தவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இனி, இருப்பையும் இல்லாமையையும் பற்றி. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் மாணவன் இருக்கிறான். குரல் வராவிட்டால் அவன் வராமல் இருக்கலாம். ஆசிரியர் கூப்பிட்டது காதில் விழாமலும் இருக்கலாம். சிடி127 ஆன்டிபாடியின் நிலை இரண்டாவது வகை. சிடி25 ஆன்டிபாடி கெட்டுப்போனால் திரையில் டி-ரெக் காணாமல் போகும். உடனே கண்ணில் படும். யாரும் அந்த எண்ணை நம்பிப் பிரசுரிக்க மாட்டார்கள். சிடி127 ஆன்டிபாடி கெட்டுப்போனால், அளவு குறைந்தால், குளிர்பெட்டிக்கு வெளியே மறந்து வைக்கப்பட்டால், சாதாரண செல்களும் மங்கலாகி இடப்புறம் நகரும். டி-ரெக் கூடியதுபோலத் தோன்றும். ஒரு நோயில் டி-ரெக் கூடுகிறது என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு அது விரும்பிய விடையாகவும் வந்து அமையும். இதுதான் ஆபத்து. முதல் ஆன்டிபாடியின் பழுது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது, இரண்டாவதன் பழுது ஒளிந்துகொள்கிறது.

மேலும் சிடி127 இயல்பிலேயே செல்மேல் எண்ணிக்கையில் குறைவு. மங்கலான சாயத்தோடு பூட்டினால் உண்டு, இல்லை இரண்டும் கலந்துவிடும். எனவே சாயத் தொகுப்பில் இருக்கும் பிரகாசமான சாயங்களில் ஒன்றை இதற்கு ஒதுக்க வேண்டும். சிடி4 போன்று ஏராளமாக இருக்கும் மூலக்கூறுக்கு எந்தச் சாயமும் போதும்.

சாய விஷயத்தில் ஒரு நுட்பத்தை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. இரட்டைச் சாயங்கள் என்று உண்டு. உதாரணமாக பிஇ-சை7. லேசர் பட்டதும் பிஇ ஆற்றலை வாங்கி சை7இடம் கொடுக்கும், சை7 ஒளிரும். வெளிச்சத்தில் அதிக நேரம் இருந்தால் இந்தப் பிணைப்பு சிதையும். அப்போது சை7 வரிசையில் ஒளி குறைந்து, பிஇ வரிசையில் ஒளி கசியும். சிடி127க்கு பிஇ-சை7ஐயும் சிடி25க்கு பிஇயையும் தேர்ந்தெடுத்திருந்தால் என்ன ஆகும்? சாதாரண செல்லின் சிடி127 குறைந்ததாகவும் சிடி25 கூடியதாகவும் தெரியும். இரண்டு பிழையும் ஒரே திசையில், நேராக டி-ரெக் வேலிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பதும், இருட்டில் இருபது முப்பது நிமிடம் காத்திருப்பதும் சடங்கு அல்ல. இந்த இரு ஏற்பிகளுக்கு இந்த இரு சாயங்களைச் சேர்த்துத் தேர்வு செய்யாமல் இருப்பது அதைவிட நல்லது.

இல்லாமைச் சாட்சிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அதே குழாயில், அதே ரத்தத்தில், சாதாரண சிடி4 செல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிடி127 நிறைந்தவை. அந்தப் பெருங்கூட்டம் தன் இடத்தில் பிரகாசமாக நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது நின்றால்தான் டி-ரெக்கின் மங்கலை நம்பலாம். சிடி25க்கு வேண்டிய பாதுகாப்பு வேறு. சிடி25 ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சேர்த்த ஒரு குழாய் வேண்டும். மற்ற சாயங்களின் கசிவு எவ்வளவு தூரம் வருகிறது என்று அது காட்டும். சரிவில் கோடு போட வேறு நேர்மையான வழி இல்லை.

இரண்டும் சேர்ந்தே தோற்கும் இடமும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் டி செல்லை இரண்டு நாள் தூண்டினால் சாதாரண செல்லிலும் சிடி25 ஏறும், சிடி127 இறங்கும். கடும் தொற்றின் நடுவில் இருக்கும் நோயாளியிடமும் இந்தப் போக்கு காணப்படும். எச்ஐவி தொற்றில் சிடி127 குறைவது நன்கு அறிந்த செய்தி. இந்த ஜோடி ஓய்வில் இருக்கும் ரத்தத்துக்கு ஏற்றது. தூண்டி வளர்த்த செல்களுக்கு இதை நம்பினால் தவறு. அங்கே ஃபாக்ஸ்பி3ஐயும் செல்லின் அடக்கும் திறனையும் நேரடியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

மருந்து விஷயத்தில் சிடி25 ஆன்டிபாடிக்கு மட்டும் உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. ஆன்டி-டாக்கை மனித ஆன்டிபாடிபோல் மாற்றியமைத்த டாக்ளிசுமாப், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு உறுப்பு நிராகரிப்பைத் தடுக்க 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாசிலிக்சிமாப் அடுத்த ஆண்டு. டாக்ளிசுமாப் 2016இல் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸுக்கும் வந்தது. மூளை அழற்சி நிகழ்வுகளால் 2018இல் திரும்பப் பெறப்பட்டது. இப்படிப்பட்ட மருந்து உடம்பில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் சிடி25இன் அந்த முனை ஏற்கனவே மூடிக் கிடக்கும். அதே முனையில் ஒட்டும் ஆய்வுக்கூட ஆன்டிபாடி இடமில்லாமல் திரும்பும். திரை "சிடி25 இல்லை" என்று சொல்லும். இருப்பைச் சொல்லும் ஆன்டிபாடியும் இங்கே இல்லாமையைப் பொய்யாகச் சொல்லிவிடுகிறது. வேறு முனையில் ஒட்டும் 7ஜி7/பி6 போன்ற வகை வேண்டும். எலியிலும் இதே கதை: சிடி25 ஆன்டிபாடியான பிசி61 செலுத்தி டி-ரெக்கை ஒழித்துவிட்டதாகச் சொல்ல வேண்டுமானால், வேறு முனையில் ஒட்டும் 7டி4 கொண்டு சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்த்தபோதுதான், செல்கள் உண்மையில் அழிந்தனவா, சிடி25ஐ மட்டும் இழந்து உயிரோடு இருக்கின்றனவா என்ற விவாதம் 2006இல் எழுந்தது.

இவ்விரண்டு ஏற்பிகளும் வெறும் அடையாளச் சீட்டுகள் அல்ல என்பதை மரபணுக் கோளாறுகள் காட்டுகின்றன. சிடி127 மரபணு பழுதான குழந்தைக்கு டி செல்களே உருவாவதில்லை. 1998இல் இது அறிவிக்கப்பட்டது. சிடி25 மரபணு பழுதான ஒரு குழந்தை பற்றிய அறிக்கை 1997இல் டொரன்டோவிலிருந்து வெளிவந்தது. அந்தக் குழந்தைக்குத் தொற்றுகளோடு உறுப்புகளுக்குள் லிம்போசைட்டுகள் திரண்டு புகுந்திருந்தன. ஒன்று இல்லாவிட்டால் படையே இல்லை. மற்றது இல்லாவிட்டால் படையை அடக்க ஆள் இல்லை. ஆன்டிபாடியால் தேடும் இவை அந்த அளவுக்கு உயிருக்கு ஆதாரமானவை.

சிடி25 செல்லை விட்டுக் கழன்று ரத்த நீரிலும் மிதக்கும். எச்எல்எச் என்ற உயிர்க்கொல்லி அழற்சி நோயில் அந்த அளவு எகிறும். 2004ஆம் ஆண்டு வரையறையின் எட்டு அளவுகோல்களில் ஒன்று, மில்லிலிட்டருக்கு 2400 அலகும் அதற்கு மேலும். இங்கே செல்லே வேண்டாம். சீரமும் ஆன்டிபாடித் தட்டும் போதும்.

இந்த ஜோடி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு 2015இல் புளூஸ்டோன் குழு வெளியிட்ட முதல் கட்டச் சோதனையைச் சொல்லலாம். முதல் வகை நீரிழிவு உள்ள 14 பெரியவர்களின் ரத்தத்திலிருந்து சிடி4 உள்ள, சிடி25 உள்ள, சிடி127 குறைந்த செல்களை உயிரோடு பிரித்தெடுத்து, வெளியே பெருக்கி, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தினார்கள். பாதுகாப்பாக இருந்தது. ஃபாக்ஸ்பி3 அங்கே தரச் சோதனைக்கு மட்டுமே உதவ முடிந்தது. பிரித்தெடுத்த வேலை முழுவதும் மேல்தோல் ஆன்டிபாடிகளுடையது. அந்த வேலையில் சிடி127 இல்லாமல் சிடி25 மட்டும் இருந்திருந்தால், டி-ரெக்கோடு தாக்கும் செல்லும் கலந்து நோயாளிக்குள் போயிருக்கும் வாய்ப்பு அதிகம்.

எனவே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கண்டுபிடிப்புக்குரிய பெருமையை சிடி25க்குத் தருவேன். மனித ரத்தத்தில் இன்று நடக்கும் பிரிப்பில் நம்பிக்கையை சிடி127க்குத் தருவேன், அதைச் சரியாகக் கையாள்பவர் இருக்கும்வரை. கட்டுரைகளில் வெறுமனே "சிடி25 உள்ள, சிடி127 குறைந்த செல்கள்" என்று எழுதிவிட்டுப் போவது போதாது. எந்த ஆன்டிபாடி வகை, எந்தச் சாயம், எத்தனை மைக்ரோலிட்டர், வேலி எங்கே என்று படத்தோடு எழுத வேண்டும். அந்தப் படத்தில் டி-ரெக் கூட்டத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டாமல், வலப்புறம் நிற்கும் சாதாரண செல்களின் சிடி127 பிரகாசத்தையும் முழுதாகக் காட்ட வேண்டும். மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரையில் நான் முதலில் தேடுவது அந்த வலப்பக்கக் கூட்டத்தைத்தான்.